முன்சீப் அம்மாவின் வாசல்

தோளில் டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்கப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களெல்லாம் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. எந்தக் கேஸ் கட்டை எந்த அலமாரியில் வைப்பது, யார் வந்தால் எழுந்து நிற்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. நெருக்கடியான ஒரு நாளில் ஒரு மனுஷி எப்படி நிதானமாக இருந்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சத்தம் ஞாபகம் வருவதில்லை, வெளிச்சம்தான் வருகிறது. எங்கள் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் காலை வெயில் அந்தத் தண்ணீரில் பட்டு, ஜன்னல் வழியாக ஏறி, கோர்ட்டு ஹாலின் கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். கீழே வாதம், கோபம், அழுகை. அண்ணாந்து பார்த்தால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் எனக்கு நாங்கள் எல்லோரும் வாய்க்காலுக்கு அடியில் உட்கார்ந்து வழக்குப் பேசிக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

என் வீட்டுக்காரர் அந்தக் கோர்ட்டில் பியூன். காமாலையில் போய்விட்டார். அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தண்ணீர் எடுத்து வைப்பேன், மேஜை துடைப்பேன், யாரும் கேட்காமல் வாய் திறக்கமாட்டேன். அப்படி இருந்தபோதுதான் முன்சீப் அம்மா வந்தார்கள். எங்கள் ஊர் அதுவரை பெண் ஜட்ஜைக் கண்டதில்லை. வழக்கு எதுவும் இல்லாதவர்கள் கூடக் கோர்ட்டுக்கு வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேர் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேர்க்கடலை விற்கிறவர் பஸ் நிலையத்திலிருந்து கடையையே கோர்ட்டு வாசலுக்கு மாற்றிவிட்டார்.

அம்மா காவிரிக்கு வடகரையில் ஒரு கிராமத்தில் பிறந்தவர்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மெட்ராஸில் சட்டம் படித்தபோது வகுப்பில் இன்னொரு பெண்ணும் இருந்தாளாம். அவள் பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். "அப்புறம் முதல் பெஞ்சு முழுக்க எனக்குத்தான், காலை நீட்டிக்கிட்டு உக்காருவேன்" என்று சிரிப்பார்கள். தஞ்சாவூரில் வக்கீலாக இருந்தபோது கேஸ் கொண்டுவருகிற கட்சிக்காரர்கள் உள்ளே வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, வக்கீல் ஐயா எப்போது வருவார் என்று கேட்பார்களாம். சாயங்காலம் வருவார் என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிடுவார்களாம். அதையெல்லாம் தாண்டி முன்சீப் ஆகி, பின்னால் ஜில்லா ஜட்ஜ் ஆகி, பெரிய கோர்ட்டு வரைக்கும் போனார்கள். நான் பார்த்தது அந்த முதல் படியைத்தான்.

வந்த புதிதில் வக்கீல்களுக்கு அம்மாவை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. பழக்கத்தில் 'சார்' என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, 'மேடம்' என்று முடிப்பார்கள். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஏனென்றால் பெண்கள் அங்கே வேலைக்கு வருவார்கள் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை. அம்மா மத்தியானம் வெயிலில் குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்து போய்விட்டு வருவார்கள். என்னையும் கூட அழைத்துப் போவார்கள். அதைப் பற்றி அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. மேலே எழுதினார்கள், பதில் வரவில்லை, மறுபடியும் எழுதினார்கள். அம்மா மாற்றலாகிப் போன பிறகு அது கட்டி முடிந்தது. நான் பயன்படுத்தினேன்.

பெயர் கூப்பிடுகிற பெரியவர் ஓய்வு பெற்றதும் அந்த வேலையை அம்மா என்னிடம் கொடுத்தார்கள். என் குரல் பல்லைத் தாண்டாது. மாட்டேன் என்று சொல்லவும் குரல் வரவில்லை.

அம்மா சொன்னார்கள்: "சத்தம் எதுக்கு, தனம்? நீ யாரையும் அதட்டப் போறதில்லயே. அவங்க பேரை அவங்க காதுல போட்டாப் போதும்."

அதற்குப் பிறகு கத்த வேண்டும் என்ற பயம் போயிற்று. நீங்களும் கத்தாதீர்கள். கோர்ட்டுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்துதான் வருகிறார்கள்.

அம்மாவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வாதம் நடக்கும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா தூங்குகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஒரு தடவை ஒரு சீனியர் வக்கீல் பக்கத்தில் இருந்தவரிடம், எழுப்பிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே அவர் கடைசியாகப் பேசிய வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லி, அதில் ஒரு தப்பையும் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா கண்ணை மூடினால் வக்கீல்கள் உஷாராகிவிடுவார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்குள் டீக்கடைக்கு டீக்கடை கறுப்பும் சிவப்புமாகக் கொடி. ஆற்றைத் தாண்டினால் வயல்களில் செங்கொடி. நிலம் யாருக்கு என்ற பேச்சு எல்லா வாயிலும் இருந்தது. அறுப்புக் காலம் வந்தால் எங்கள் கோர்ட்டுக்கு மூச்சு முட்டும். கிழக்கே கூலி கேட்டவர்களைக் குடிசையோடு எரித்த கொடுமையை அப்போது யாரும் மறந்திருக்கவில்லை. ஒரு வயலில் தகராறு என்றாலே எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள்.

தை மாதம், பொங்கல் கழிந்த சமயம். திருப்பனந்தாளுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து மிராசுதார் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். வயதானவர், வெள்ளை வேட்டி, கையில் குடை. பக்கிரிசாமி என்கிறவன் என் பண்ணையில் கூலிக்கு வேலை செய்கிற ஆள், நிலத்தை நானே பயிர் வைத்திருக்கிறேன், செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு அறுக்க வருகிறான், அவன் வயலில் இறங்கக்கூடாது என்று தடை வேண்டும். இதுதான் வழக்கு. பக்கிரிசாமி தரப்பிலோ, அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிறோம் என்றார்கள். எழுத்து எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சில்தான் நடந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கூலியாள் என்றால் அன்றைக்கு வேலை, அன்றைக்குக் கூலி, போ என்றால் போக வேண்டியதுதான். குத்தகைக்காரர் என்றால் விளைச்சலில் மிராசுதாரின் பங்கை அளந்து கொடுத்துவிட்டு மீதியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். அவரை வயலை விட்டு இறக்கச் சட்டம் விடாது. ஆகவே அன்று அந்த மனிதருக்கு எல்லாமே இதில்தான் இருந்தது. அந்த வருஷத்து நெல்லும், அதற்குப் பிறகு வரப்போகிற எல்லா வருஷத்து நெல்லும்.

சங்கத்தார் வைத்த வக்கீல் அன்று தஞ்சாவூரில் வேறு கேஸில் மாட்டிக்கொண்டார். பக்கிரிசாமி தானே வந்து நின்றாக வேண்டும். நான் வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். பிரதிவாதி ஆஜராகவில்லை, ஒருதலையாகத் தடை கொடுத்துவிடலாம் என்றார். நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, நாளைக் காலை ஆள் இறங்க வேண்டும், உத்தரவு இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் அரிவாளோடு நிற்பார்கள், அப்புறம் ஏதாவது ஆனால் கோர்ட்டுதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பெஞ்சு கிளார்க் காகிதத்தை எடுத்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார். கையெழுத்துதான் பாக்கி.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தனம், இன்னொரு தடவை கூப்பிடு" என்றார்கள்.

மூன்று தடவைதான் வழக்கம் என்று பெஞ்சு கிளார்க் குனிந்து சொன்னார். அம்மா காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் மறுபடியும் போய்க் கூப்பிட்டேன். தாழ்வாரத்தில் கூட்டம், தூரத்தில் புங்கமரம், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் நாற்காலி மேடையில் உயரமாக இருந்தது. அங்கிருந்து ஜன்னல் வழியாக, தாழ்வாரத்துத் தலைகளுக்கு மேலே மரத்தடி தெரியும்.

அம்மா பார்த்ததைப் பிறகு என்னிடம் சொன்னார்கள். மரத்தடியில் ஒரு ஆளும் ஒரு பெண்ணும் நின்றார்கள். ஆளின் துண்டு இடுப்பில் இருந்தது. கோர்ட்டுப் படிக்குப் பக்கத்திலேயே தாழ்வாரத்து பெஞ்சில் மிராசுதார் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்ப எழுந்து போனால் அந்த ஆள் படியை நோக்கி நாலு அடி வருவார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தால், இவர் மறுபடியும் மரத்தடிக்குப் போய்விடுவார். கூப்பிட்டது கேட்கவில்லை என்பதில்லை. கேட்டது. ஆனால் மிராசுதார் உட்கார்ந்திருக்கிற இடத்தை அந்த ஊரில் பக்கிரிசாமியின் தெருக்காரர்கள் தாண்டிப் போனதில்லை. அவர் எழுந்து போகிற வரைக்கும் நிற்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். கோர்ட்டு வந்து கூப்பிட்டாலும் கால் அப்படித்தான் நிற்கும். அந்தப் பெஞ்சு கோர்ட்டுடையது, அந்த ஊருடையது இல்லை என்று காலுக்கு யார் சொல்வது?

அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்கள். "பின்னாடி என் வாசலைத் திற. அங்க நின்னு கூப்பிடு."

அம்மாவின் வாசல் என்றால் மேடைக்குப் பின்னால் வாய்க்கால் பக்கம் திறக்கிற கதவு. ஜட்ஜ் மட்டும்தான் அதன் வழியாக வருவார்கள். பெஞ்சு கிளார்க்குக்கு முகம் வெளுத்துவிட்டது. அது தாங்கள் வருகிற வழி என்று மெதுவாகச் சொன்னார்.

"கவர்மெண்டு கட்டுன கட்டடம், கிளார்க் சார். எனக்குச் சீதனமா வந்ததில்ல" என்றார்கள் அம்மா.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர். நாணலில் ஒரு கொக்கு அசையாமல் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மரத்தடி கிட்டத்தில் இருந்தது, தாழ்வாரம் தெரியவே இல்லை. நான் அவர் பெயரைச் சொன்னேன். கத்தவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். யாரோ தூக்கத்தில் கூப்பிட்டது போல அப்படியே நின்றார்.

பக்கத்தில் நின்றது அவர் மனைவி அஞ்சலை. "போய்யா, கூப்பிடுறாங்கல்ல."

"அது ஜட்ஜம்மா வர்ற வழிடி."

"கூப்பிடச் சொன்னதும் அவங்கதான். அந்த வாசல்ல எவரு உக்காந்திருக்காரு, நீ மரியாதைக்கு நிக்கிறதுக்கு? நட."

முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் கனவில் பார்த்தது போலத்தான் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் அந்தக் கதவு திறந்தால் எழுந்து நிற்பது வக்கீல்களுக்குப் பல வருஷப் பழக்கம். கதவு திறந்தது. அம்மா நாற்காலியில்தான் இருக்கிறார்கள் என்பதைக் கூட யோசிக்காமல் ஹாலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கறுப்பு கவுன்கள் எல்லாம் எழுந்து நிற்க, இடுப்பில் துண்டோடு பக்கிரிசாமி உள்ளே வந்தார். கூரையில் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது. யாருக்காக எழுந்தார்கள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் அஞ்சலைதான் இருந்தாள். ஒவ்வொருவராக விஷயம் புரிந்து உட்கார்ந்தார்கள். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது.

மிராசுதாரைப் பெஞ்சிலிருந்து எழுந்து போகச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். நானாகக் கேட்ட கேள்விகள் ரொம்பக் குறைவு, அதில் அது ஒன்று.

"சொல்லலாம். எழுந்தும் போவார். அத்தனை பேர் முன்னாடி எழுப்பிவிட்டா அவருக்கு அவமானம். மறுநாள் வயல்ல அந்த அவமானத்துக்குப் பக்கிரிசாமிதானே பதில் சொல்லணும்?" என்றார்கள்.

இதை மறந்துவிடாதீர்கள். கோர்ட்டில் நாம் செய்கிற எந்தக் காரியமும் கோர்ட்டு வாசலோடு நிற்பதில்லை. பஸ் ஏறி ஊருக்குப் போகும்.

பிரதிவாதி வந்துவிட்டதால் வக்கீல் பேச்சை மாற்றினார். அப்படியானால் வாய்தா வேண்டும், பதில் மனு, சாட்சி எல்லாம் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். ஏற்கெனவே உதிரத் தொடங்கியிருந்த நெல். இரண்டு வாரத்தில் வயலில் வைக்கோல்தான் மிஞ்சும். பணக்காரர் அதைத் தாங்குவார். பக்கிரிசாமி தாங்கமாட்டார்.

"நெல்லு வாய்தாவுக்கு நிக்குமா, வக்கீல் சார்?" என்று அம்மா கேட்டார்கள். "இன்னைக்கே ரெண்டு பேரையும் விசாரிச்சுடலாம்."

மிராசுதாரைக் கூண்டுக்கு வரச் சொன்னார்கள். வயதானவர் என்று ஸ்டூல் போடச் சொன்னார்கள். சத்தியம் வாங்கினார்கள். நிலத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அம்மா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டில் விசாரிப்பது போல, பொங்கலெல்லாம் நன்றாக நடந்ததா என்று கேட்டார்கள்.

அவர் பெருமூச்சு விட்டார். "என்னத்தங்க பொங்கல். காலம் கெட்டுப்போச்சு. முன்னல்லாம் போகிக்கே எங்க வாசல்ல வாழைத்தாரும் பூசணியும் கரும்புக்கட்டுமா நெறஞ்சு கெடக்கும். கால் வைக்க எடமிருக்காது. இந்த வருஷம் பாதிப் பேரு எட்டிப் பாக்கல."

"பக்கிரிசாமியும் கொண்டாருவாருங்களா?"

"அவன் அப்பன் காலத்துலேருந்து வச்சதுதான். அவன் வீட்டுத் தாரு மாதிரி ஊர்ல ஒரு தாரு வராது. இந்த வருஷம் கொடிய நட்டான், தார வெட்டல."

ஹாலில் சிலர் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"உங்க வீட்டுலேருந்து அவருக்கு வேட்டி, நெல்லு ஏதும் போகுங்களா?"

"நான் எதுக்குங்க அவனுக்குக் குடுக்கணும்? அது பண்ணையாளுக்குல்ல குடுப்போம்…"

அங்கே நின்றுவிட்டார். அவருடைய வக்கீல் பேனாவை மூடினார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு மிராசுதார் வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்கிற பண்ணையாளுக்கு வேட்டியும் நெல்லும் போகும். குத்தகைக்காரர் வீட்டிலிருந்து மிராசுதாருக்கு வாழைத்தாரும் பூசணியும் வரும். எது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் யார் யாருக்கு என்ன என்று தெரிந்துவிடும். வாசல் நிறைய வந்து குவிந்தது என்பது அவருக்குப் பெருமை. நிலத்தைப் பற்றி அவர் எது வேண்டுமானாலும் சொல்லியிருப்பார். தன் வாசலில் தார் வந்து விழுந்ததை மட்டும் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராது. அம்மாவும் கிராமத்துப் பெண்தானே, அது தெரிந்திருந்தது.

பக்கிரிசாமியிடமும் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். உத்தரவு அதற்குப் பிறகு. அந்த இடைவேளையில் அறை வாசலில் ஒரு கரைவேட்டிக்காரர் வந்து நின்றார். அம்மாவை ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் நமக்கு வேண்டியவர்கள், ஒரு வாரம் தள்ளிப் போட்டால் பேசி முடித்துவிடலாம் என்றார். கேஸ் நடக்கும்போது யாரையும் பார்க்க முடியாது என்று சொல்லச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நம்ம ஆட்சியில நமக்கே கதவு சாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே அம்மா தயிர் சாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விரல் நுனி நடுங்கியதைப் பார்த்தேன். அதுவரை அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். நடுக்கம் நிற்கும் வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நின்றதும் மேடைக்குப் போனார்கள்.

உத்தரவு சுருக்கமாகத்தான் இருந்தது. தடை இல்லை. பக்கிரிசாமி அறுக்கலாம். களத்தில் மிராசுதாரின் பங்கைக் கோர்ட்டுக் கமிஷனர் முன்னால் அளந்து வைக்க வேண்டும். மற்றது பிறகு. ஒரு சின்ன வயது வக்கீலைக் கமிஷனராகப் போட்டார்கள். பக்கிரிசாமியைப் பார்த்து, வயலுக்குக் கொடி வரக்கூடாது, அரிவாள் நெல்லுக்கு மட்டும்தான் என்றும் சொன்னார்கள். அவர் தலையாட்டினார். போலீஸ் ரோட்டிலேயே நிற்க வேண்டும் என்றார்கள். அறுக்கிறவர்கள் பாதிப் பேர் பெண்கள், காக்கியைப் பார்த்தால் மிரளுவார்கள் என்று என்னைக் கமிஷனரோடு அனுப்பினார்கள்.

மறுநாள் விடிந்தபோது வயல் முழுக்கப் பனி. நெல் இருக்கிறது என்பது வாசனையில்தான் தெரிந்தது. ஆட்கள் வரிசையாக வரப்பில் வந்து நின்றார்கள். பனி கொஞ்சம் விலகியபோது எதிர் வரப்பில் ஒரு குடை தெரிந்தது. மிராசுதார் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆள் யாரையும் கூட்டி வரவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

பக்கிரிசாமியின் கை துண்டை இடுப்புக்கு இறக்கியது. அவர் இறக்கியதைப் பார்த்து மற்ற ஆண்களும் இறக்கினார்கள். கமிஷனர் உத்தரவைப் படித்தார். பனியில் அது எங்கேயோ தூரத்தில் படிப்பது போலக் கேட்டது. படித்து முடித்தார். யாரும் இறங்கவில்லை. கமிஷனர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உத்தரவு வரப்பு வரைக்கும்தான் வரும் என்று அப்போது எனக்குப் புரிந்தது. வயலுக்குள் கால் வைக்க வேண்டியது அவர்கள்தான். அந்த அடியை ஜட்ஜும் வைக்க முடியாது, நாமும் வைக்க முடியாது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அஞ்சலை இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிடியை வளைத்து அறுத்தாள். அந்தப் பனியில் அந்த ஒரு அரிவாளின் சத்தம் மட்டும். சரக் சரக் என்று கொஞ்ச தூரம் தனியாகவே போனாள். அப்புறம் இன்னொரு பெண் இறங்கினாள். அப்புறம் எல்லோரும். கடைசியாகப் பக்கிரிசாமி துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார்.

மிராசுதார் குனிந்து ஒரு கதிரை உருவினார். உள்ளங்கையில் தேய்த்து ஊதிவிட்டு, அரிசியை வாயில் போட்டு மென்றார். வெயில் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பிப் போகும்போது என் பக்கமாக வந்தார். நான் ஒதுங்கினேன்.

"ஏம்மா, அவன்கிட்ட ஒண்ணு சொல்லிடு. என் பங்கை நல்லா காயவச்சு, தூத்திட்டு அனுப்பச் சொல்லு. போன வருஷம் ஒரே பதரு."

சொல்லிவிட்டு வரப்பில் நடந்து போனார்.

அடுத்த நாள் அம்மாவின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அஞ்சலை இறங்கியதைச் சொன்னபோதும் திறக்கவில்லை. மிராசுதார் சொன்னதைச் சொன்னதும் திறந்தார்கள்.

"பங்குன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா. போன வருஷத்துல பதர் கெடந்துச்சுன்னும் சொன்னாரு."

கூலியாளிடம் யார் பங்கு கேட்பார்கள்? அம்மா ரொம்ப நேரம் சிரித்தார்கள். மேஜையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு வெளியே சொன்ன பேச்சைத் தான் எங்கும் எழுத முடியாது, எழுத வேண்டியிருக்காது என்று நினைப்பதாகச் சொன்னார்கள்.

எழுத வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாய்தாவில் மிராசுதாரின் வக்கீல் எழுந்து வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் பக்கிரிசாமி நெல்லைக் காயவைத்து, தூற்றி, மிராசுதாரின் பங்கை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார். இந்தத் தடவை பதர் இல்லையாம்.